பில் வயோலாவும் அப்பத்தாவின் நாலு நிமிட வீடியோவும்

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். கலையைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. வீடியோ ஆர்ட் என்று ஒரு சமாச்சாரம் இருப்பதே இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். விஸ்காம் படிக்கும் அறை நண்பன் ஒரு பென் டிரைவைக் கையில் திணித்து, "மச்சான், ஏழே நிமிஷம்தான், பாத்துட்டுச் சொல்லு" என்றான். பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த ஆள் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டான். "என்னடா, நெட் நின்னு போச்சா?" என்று கேட்டேன். பென் டிரைவில் ஏதுடா நெட்டு என்று அவன் திருப்பிக் கேட்டது ஹாஸ்டலில் இன்று வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, போகட்டும்.

அந்த ஏழு நிமிடத்தின் பெயர் 'தி ரிஃப்ளெக்டிங் பூல்'. 1977-ல் ஆரம்பித்து 1979-ல் முடித்தது. காட்டுக்குள் ஒரு குளம். கேமரா ஒரு இடத்தில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆள் வருகிறான், கரையில் நிற்கிறான், ஒரு கத்துக் கத்திவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு குதிக்கிறான். குதித்தவன் தண்ணீரில் விழவே இல்லை. காற்றிலேயே உறைந்துவிடுகிறான். ஆனால் கீழே தண்ணீர் உறையவில்லை. அதில் அலை வருகிறது, வெளிச்சம் மாறுகிறது, கரையில் யாரோ நடந்து போகிற பிம்பம் தெரிகிறது. கரையைப் பார்த்தால் ஆள் இல்லை. அந்தரத்தில் இருப்பவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மரங்களோடு மரமாகப் போய்விடுகிறான். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து துணியில்லாமல் ஒருவன் ஏறி வந்து காட்டுக்குள் நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை.

முதல் தடவை சிரித்தேன். ராத்திரி திரும்பவும் பார்த்தேன், அப்போது சிரிப்பு வரவில்லை. குதித்தவன்தான் வெளியே வருகிறானா, வேறு ஆளா? விழாமலேயே எப்படித் தண்ணீருக்குள் போனான்? எங்கள் ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், காலைத் தரையிலிருந்து எடுத்ததற்கும் தண்ணீர் முகத்தில் அறைவதற்கும் நடுவில் ஒரு நொடி இருக்கும். அந்த ஒரு நொடியை மட்டும் தனியே எடுத்து வைத்தது போலிருந்தது.

குதிக்கிற ஆள்தான் பில் வயோலா. 1951-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1973-ல் வெளியே வந்தபோது வீடியோ என்பதே புதுப் பொருள். அந்த எழுபதுகளிலேயே டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து ஒலி வேலை பார்த்திருக்கிறார். பிறகு இத்தாலியில் ஃபிளாரன்ஸ், 1980-81-ல் ஜப்பானில் ஒரு ஜென் குருவிடம் படிப்பு, கூடவே சோனி கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரே ஆள் ஜென் குருவிடமும் சோனியிடமும் ஒரே காலத்தில் பாடம் கேட்டிருக்கிறார் என்பதை நான் மிகவும் ரசித்தேன். மனைவி கீரா பெரோவ் கடைசிவரை அவரோடு சேர்ந்தே வேலை செய்தவர். 2024 ஜூலை 12 அன்று, 73 வயதில், அல்ஸைமர் நோயால் இறந்துபோனார். வாழ்நாள் முழுக்க நேரத்தையும் நினைவையும் வைத்து வேலை பார்த்த ஆளுக்கு அந்த நோய்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போது ஏரியில் விழுந்து அடி மட்டம் வரைக்கும் போயிருக்கிறார். மாமா உள்ளே பாய்ந்து தூக்கியிருக்கிறார். பேட்டிகளில் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். பயந்தேன் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. கீழே பச்சையும் நீலமுமாய் வெளிச்சம், ஆடுகிற செடிகள், தான் பார்த்ததிலேயே அழகான உலகம், அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது என்றுதான் சொல்கிறார். அவர் படைப்புகளில் பாதிக்கு மேல் ஏன் தண்ணீரிலேயே நடக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயோலாவைப் பற்றி எங்கே படித்தாலும் 'ஆன்மிகம்' என்ற சொல் வந்துவிடும். ஜென், சூஃபி, கிறிஸ்துவ ஞானிகள், ரூமி என்று ஒரு பட்டியல் போடுவார்கள். ஆனந்த குமாரசாமியும் அதில் உண்டு. 1877-ல் கொழும்பில் ஒரு தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பிற்காலத்தில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்து எழுதிய அதே குமாரசாமிதான். நமக்கு இதில் கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனால் இந்தப் பட்டியல் எனக்கு எதையும் விளக்கவில்லை. ஞானிகள் பெயரைச் சொல்வதால் ஒருவர் ஆன்மிகக் கலைஞர் ஆகிவிட முடியுமென்றால் எங்கள் ஊர் ஆட்டோக்களின் பின்பக்கம் முழுக்க ஆன்மிகக் கலைதான்.

நான் சொல்ல வருவது இது: வயோலாவிடம் இருக்கும் ஆன்மிகம் அவர் காட்டும் விஷயத்தில் இல்லை. அவர் கேமராவை எடுக்காமல் காத்திருக்கிறாரே, அதில் இருக்கிறது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஐடில் டைம் என்று ஒரு பாடம் உண்டு. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அவர் அந்த நேரத்தில் ஒன்றும் உற்பத்தி செய்யவில்லை. கரண்ட் போய்விட்டது, மெஷின் நின்றுவிட்டது, சரக்கு வரவில்லை. அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பக்கம் பக்கமாகப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறோம். வயோலாவின் மொத்த வேலையும் ஐடில் டைம்தான். 1995-ல் வெனிஸ் பினாலேயில் வைத்த 'தி கிரீட்டிங்' என்ற படைப்பில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க மூன்றாவது பெண் ஒருத்தி வந்து சேர்கிறாள். உண்மையில் நடந்தது 45 நொடி. திரையில் அது 10 நிமிடம் ஓடுகிறது. முகத்தில் ஒரு சிரிப்பு முளைத்து, பக்கத்தில் நிற்கிறவளுக்குப் பொறாமை முளைத்து, அது அடங்குவது வரை அங்குலம் அங்குலமாகத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் தினம் நூறு தடவை நம் கண் முன்னால் நடக்கிற விஷயம் இது. நமக்கு 45 நொடி பொறுமை கூட இல்லாததால் தெரிவதில்லை.

அவருடைய படைப்புகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது 1983-ல் செய்த 'ரூம் ஃபார் செயின்ட் ஜான் ஆஃப் தி கிராஸ்'. இதை நேரில் பார்த்ததில்லை, படங்களும் துண்டு வீடியோக்களும்தான். இருந்தும் சொல்கிறேன். சிலுவையின் புனித யோவான் என்பவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி, கவிஞர். 1577-ல் அவருடைய சொந்த சபைக்காரர்களே அவரைப் பிடித்து டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அறை. ஒன்பது மாதம். அடி உதை வேறு. அங்கேதான் அவர் அன்பைப் பற்றியும் மலைகளைப் பற்றியும் கவிதை செய்தார். 1578-ல் தப்பித்து ஓடினார்.

வயோலா ஒரு பெரிய இருட்டறை கட்டுகிறார். அதன் சுவரில் பனிமலைகள் கறுப்பு வெள்ளையில் பிரம்மாண்டமாகத் தெரிகின்றன. கேமரா கண்டபடி ஆடுகிறது, புயல் காற்று காதைக் கிழிக்கிறது. அந்த இருட்டறைக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி அறை, ஒரு சின்ன ஜன்னல். குனிந்து எட்டிப் பார்த்தால் உள்ளே மண் தரை, ஒரு மேஜை, ஒரு கூஜா, ஒரு டம்ளரில் தண்ணீர், உள்ளங்கை அளவில் ஒரு குட்டி டிவி. டிவியில் அதே மாதிரி ஒரு பனிமலை, கலரில், அசையாமல். யாரோ மிக மெதுவாக ஸ்பானிஷில் யோவானின் கவிதைகளைச் சொல்கிற முணுமுணுப்பு. புயல் வெளியே அடிக்கிறது. காதை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அந்தக் குரல் கேட்கும்.

யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு சாமி படம் இல்லை, ஒரு சிலுவை இல்லை. சத்தத்துக்கும் முணுமுணுப்புக்கும் நடுவில் நம் தலையை எங்கே வைக்கிறோம் என்பது மட்டும்தான் இருக்கிறது. பார்க்க வந்தவன் தானாகவே குனிகிறான். குனி என்று யாரும் சொல்லவில்லை.

ஒலியைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையில் நம்முடைய தம்புரா வருகிறது! மேற்கத்திய இசை மௌனத்தில் ஆரம்பித்து ஒலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறது. இந்திய இசையிலோ பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே எல்லா ஒலியும் தம்புராவில் வந்து நிற்கிறது, அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். வீடியோ கேமராவும் அப்படித்தானாம். சுவிட்சைப் போட்டதுமே உலகம் உள்ளே வந்துவிட்டது, இனி வேண்டாததை விடுவதுதான் வேலை. மார்கழிக் கச்சேரி பக்கமே தலைவைத்துப் படுக்காத எனக்கு தம்புரா எதற்கு என்று ஒரு அமெரிக்கர் சொல்லித்தான் புரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1986-ல் அவர் எடுத்த ஒன்றரை மணி நேரப் படத்துக்கு ரிக் வேதத்திலிருந்து பெயர் எடுத்தார்: 'ஐ டு நாட் நோ வாட் இட் இஸ் ஐ ஆம் லைக்'. நான் எதைப் போன்றவன் என்று எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். காட்டெருமைகள் நிற்கின்றன, மேய்கின்றன, நிற்கின்றன. ஒரு ஆந்தையின் கண்ணை நோக்கிக் கேமரா போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் கருவிழிக்குள் கேமராவோடு வயோலாவே தெரிகிறார். படத்தின் கடைசிப் பகுதியில் தீமிதி! ஃபிஜித் தீவில் சுவா நகரத்து மகாதேவி கோயிலில் எடுத்தது. 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள் கையோடு கொண்டுபோன தீமிதி.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். பூக்குழி என்போம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதை டிவிக்காரர்கள் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அலறுகிற பின்னணிக் குரல், 'பக்தர்கள் பரவசம்', ஒரு வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து நிற்கிற ஷாட், முடிந்தது. வயோலா விளக்கமே கொடுக்கவில்லை. அவர் கேமரா வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒரு ஆள் மாதிரி நிற்கிறது. எருமையைப் பார்த்த அதே பொறுமையோடு குழியைப் பார்க்கிறது. ஒரு வெளிநாட்டுக்காரர் நம் சாமி கும்பிடுவதைப் படம் எடுத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். இதில் வரவில்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், திட்டவும் வேண்டும் அல்லவா? 2000-க்குப் பிறகு அவர் கைக்கு நல்ல கேமராவும் நடிகர்களும் பெரிய பட்ஜெட்டும் வந்தன. 2014-ல் லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் 'மார்ட்டர்ஸ்' என்று நாலு திரை வைத்தார். ஒருவரை மண் மூடுகிறது, ஒருவரைக் காற்று அலைக்கழிக்கிறது, ஒருவரைச் சுற்றித் தீ, ஒருவர் மேல் தண்ணீர். ஏழு நிமிடம். ஒரு பழைய தேவாலயத்துக்குள் வீடியோவைக் கொண்டுபோனது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது நகைக்கடை விளம்பரம் மாதிரி வழவழவென்று இருந்தது. தியாகி முகத்தில் ஒரு வியர்வை கூட ஒழுங்காகத்தான் வழிகிறது. இவர் படைப்பெல்லாம் வெறும் பகட்டு என்று சில விமர்சகர்கள் சொல்வது இந்த மாதிரி இடங்களில் சரியென்றே படுகிறது. இங்கே அவர் காத்திருக்கவில்லை, ஏற்பாடு செய்திருக்கிறார். (1996-ல் டர்ஹாம் கதீட்ரலில் 'தி மெசஞ்சர்' வைத்தபோது, தண்ணீரிலிருந்து எழும்பும் ஆள் துணியில்லாமல் இருக்கிறான் என்று போலீஸ் வரைக்கும் போய், சுற்றிலும் தட்டி வைத்து மறைத்தார்களாம். மைக்கலாஞ்சலோ கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.)

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்ட விஷயம்.

1991-ல் வயோலாவின் அம்மா கோமாவில் கிடந்து இறந்துபோனார். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று மகன் அதை வீடியோ எடுத்தார். அடுத்த வருடம் அதை வைத்து 'நாந்த் டிரிப்டிக்' செய்தார். பிரான்சில் நாந்த் நகரத்தில் ஒரு 17-ம் நூற்றாண்டுச் சிற்றாலயத்துக்காகச் செய்தது. மூன்று திரை. இடது பக்கம் ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள். வலது பக்கம் அவருடைய அம்மா இறந்துகொண்டிருக்கிறார். நடுவில் உடுப்போடு ஒரு ஆள் கலங்கிய தண்ணீருக்குள் மிதக்கிறான். கிட்டத்தட்ட 30 நிமிடம். மூன்று ஒலியும் ஒன்றோடொன்று கலந்து வருகிறது: பிரசவ வலியின் கத்தல், தண்ணீருக்கடியில் கேட்கிற சத்தம், ஒரு வயதான மூச்சு.

இதைப் படித்ததும் எனக்கு வயோலா மீது இருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது. காரணம் இருக்கிறது.

போன வருடம் என் அப்பத்தா இறந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் எடுத்து ஊர் வீட்டில் பட்டாசாலையில் கட்டில் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா போனை எடுத்து அப்பத்தாவை வீடியோ எடுத்தார். எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். அன்றைக்குச் சாயந்திரம் அப்பத்தா போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தனை பேர் முன்னாலும் சித்தப்பாவிடம் கத்திவிட்டேன். "செத்துக்கிட்டு இருக்கறவங்கள யாராவது வீடியோ எடுப்பாங்களா சித்தப்பா? அப்பத்தாட்ட கேட்டீங்களா?" சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சிங்கப்பூர்ல இருக்க ஒங்கத்தைக்கு டிக்கெட் கெடைக்கலப்பா. அது பெத்த தாய அது பாக்க வேணாமா?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நானும் அவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

வயோலாவுக்கும் அதே கேள்விதான். அம்மாவிடம் கேட்டாரா? கோமாவில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவரிடமும் முழுப் பதில் இருந்திருக்காது. மரணத்தைக் காட்சிக்கு வைத்துப் பேர் வாங்குவது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த வலது பக்கத் திரையின் துண்டு ஒன்றைப் பார்த்தபோது கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு முகம், திறந்த வாய், மூச்சு. சோக இசை இல்லை. முகத்துக்கு மிக அருகே போய்க் கண்ணீரைத் தேடவில்லை. ஆறு வயதில் தண்ணீருக்கடியில் பார்த்ததைப் பார்த்த மாதிரியே பார்க்கிறார். பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது வேறு ஒன்றும் இல்லை என்று தெரிகிறது.

போன வாரம் ராத்திரி அந்த வாட்ஸப் வீடியோவைத் தேடி எடுத்தேன். இத்தனை மாதமும் திறந்ததில்லை. நாலு நிமிடம் பதினொரு நொடி. ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

சித்தப்பாவின் கை ஆடவே இல்லை. கட்டில், வெள்ளைச் சேலை, அப்பத்தாவின் காது, அதில் தோடு கழற்றிய பெரிய ஓட்டை. ஆக்சிஜன் மெஷினின் ரீங்காரம் ஆரம்பம் முதல் கடைசிவரை நிற்காமல் ஓடுகிறது, அதன் மேலேதான் மற்றச் சத்தமெல்லாம். ஃபேன். வெளியே கோழி. குக்கர் விசில். யாரோ பெரியவர் யாரையோ "சீனி போடாத" என்கிறார். அப்பத்தாவின் மூச்சு வருகிறது, நிற்கிறது, நாம் பயந்து முடித்தபின் திரும்ப வருகிறது. இரண்டாவது நிமிடத்தில் சித்தப்பா இடது கையை நீட்டி அப்பத்தாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடுகிறார். போன் அப்போதும் ஆடவில்லை.

மூன்றாவது நிமிடத்துக்கு மேல் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது. ஆள் தெரியவில்லை. மெஷினுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழித்தீர்கள், பில் தனியாக வேண்டும் என்று போனில் யாரிடமோ கறாராகப் பேசிக்கொண்டிருக்கிறது அந்தக் குரல். வீடியோ முடியும் வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறது. என்னுடைய குரல்தான்.